உடனிருந்தவர் கையெழுத்து

பிரீசரின் தட்டு பாதிதான் வெளியே வந்தது. பனி இறுகிப்போயிருந்த அதை அவள் இரண்டு கையாலும் உலுக்கி இழுத்தாள். அண்ணியின் பைகள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. உரித்த ஆரஞ்சுச் சுளைகள் மூன்று பை, சாத்துக்குடி ஒரு பை, கல் மாதிரி உறைந்த முழு எலுமிச்சைகள் ஒரு பை. எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு அடியில் கையை விட்டுத் துழாவினாள். அவளுடைய பை அங்கேதான் இருந்தது. காலியாகிக்கொண்டே வந்ததால் மெலிந்து கீழே போய்விட்டிருந்தது.

"பாத்து எடு, ஓரம் கையக் கிழிச்சிடும்" என்றாள் அண்ணி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"மேல இருக்கற சுளையிலயும் ரெண்டு எடுத்துட்டுப் போயேன்."

"அப்பா நேத்தே அத வேணாம்னுட்டாரு. இதைத்தான் கேட்டாரு."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு கரண்டியைக் கழுவப் போய்விட்டாள். அதைப் பார்த்த அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பிரீசரிலிருந்து வந்த குளிர்ச்சி இல்லை அது.

ஒரு கிண்ணத்தில் நான்கு ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அப்பாவின் கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். தொண்டைக்குக் கீழே வளர்ந்திருந்த புற்றுக்கட்டி இப்போது தண்ணீரைக்கூட விடுவதில்லை. காலையில் வந்துபோன நர்ஸ், "வாய் காயாம பாத்துக்கங்க. சின்னதா ஐஸ் வைக்கலாம், தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு யாராவது பக்கத்துலயே இருங்க" என்றாள்.

யாராவது என்றால் யார் என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அவள் வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. தையல் கடையில் பாதி வெட்டிய துணிகளை அப்படியே போட்டுவிட்டு, ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் இடம் இல்லை. அண்ணி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஓர் ஆரஞ்சுச் சுளையை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். உறைந்த சுளை. மேலே வெள்ளைத் தூள் தூவினது போல் பனி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"முந்திரிக்கொட்டை வந்துட்டா பாருங்க மாமா" என்றாள் அண்ணி.

சின்ன வயதில் அப்பா அவளுக்கு வைத்த பேர் அது. யார் என்ன சொல்ல வந்தாலும் முடிப்பதற்குள் அவள் குறுக்கே பேசிவிடுவாள் என்பதால். அது அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த பேர். அண்ணி வாயிலிருந்து அதைக் கேட்டபோது, தன் பெட்டியை வேறு யாரோ திறந்து துணியை எடுத்துக் கட்டிக்கொண்டதைப் பார்த்தது போல இருந்தது.

அண்ணிக்கு ஒரு கேக் கடையில் வேலை. அங்கே ஆரஞ்சின் தோலை மட்டும் சீவி மாவில் சேர்ப்பார்களாம். தோல் போன பழங்கள் நிற்காது, இரண்டு நாளில் வாடிவிடும். வேலை செய்பவர்கள் எடுத்துப்போகலாம். அண்ணி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கூடை கொண்டுவருவாள். அவ்வளவையும் யார் தின்பது? கடையில் செய்வது போலவே உறையவைக்கலாம் என்று அண்ணி சொல்ல, அப்பா பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் அண்ணன்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னான். "நீ பாத்திருக்கணும். தட்டுல சுளைய அடுக்குவாரு, ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாதாம். பட்டா ஒட்டிக்குமாம். நான் ஒருநாள் அள்ளிக் கொட்டிட்டேன். என்ன திட்டு! 'டேய், ஆறு பேர் ஏற வேண்டிய எடத்துல பத்து பேர ஏத்தாதே'ன்னாரு."

அப்பா முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. அம்மா இறந்த பிறகும்கூட அவள்தான் பதின்மூன்று வயதில் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த அப்பா இந்த வீட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அண்ணியோடு எதிரும் புதிருமாக, சுளையின் வெள்ளை நாரை நகத்தால் கிள்ளி, விதையை நெம்பி, மெல்லிய தோலையும் உரித்து, தட்டில் வரிசையாக வைத்திருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்து, உறைந்ததும், கரண்டியால் பெயர்த்துப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டியிருக்கிறார். ஞாயிறு தவறாமல். நாலு வருஷமாக.

அதைவிட அந்தப் பைகள்.

ஒவ்வொரு பையிலும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்தில் தேதி, பழத்தின் பேர், எத்தனை சுளை. அதன் கீழே இரண்டு கோடுகள். முதல் கோட்டில் 'பார்த்தவர்' என்று எழுதி அப்பாவின் கையெழுத்து. இரண்டாவது கோட்டில் 'உடனிருந்தவர்' என்று எழுதி அண்ணியின் கையெழுத்து.

லிஃப்ட் அறைக் கதவுகளில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை கம்பி, பிரேக், கதவு எல்லாம் சோதித்த பிறகு மெக்கானிக் போடுவது மேல் கையெழுத்து. கூட நிற்கும் ஆள் போடுவது கீழ்க் கையெழுத்து. சின்ன வயதில் அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள், என்னையும் கூட்டிட்டுப் போப்பா என்று. மொட்டைமாடிக்கும் மேலே, அந்தப் பெரிய சக்கரம் சுற்றுகிற அறைக்கு. "பாவாடை மாட்டிக்கும்டி" என்பார். அண்ணனைக் கூட்டிப்போவார். பிறகு ஒருநாள், கல்யாணம் ஆகி வந்த புதிதில் அண்ணி கேட்டாளாம். முடியைத் தொப்பிக்குள் அள்ளிச் செருகச் சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறார்.

"அசிஸ்டண்ட்" என்றுதான் அப்பா அண்ணியைக் கூப்பிட்டார், படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும். "அசிஸ்டண்ட், ஜன்னலச் சாத்து." "அசிஸ்டண்ட், தலகாணி."

கேட்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். ஜன்னல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

வந்த ஆறாம் நாள் அவள் தெருமுனைக் கடைக்குப் போனாள். தோல் சீவிய மிச்சப் பழம் இல்லை, நல்ல பழமாகத் தேடினாள். கைக்கு அடங்காத பெரிய ஆரஞ்சுகள், அடியில் தொப்புள் வைத்தது, விதையே இல்லாதது. ஒன்றை முகர்ந்து பார்த்து எட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்து உரித்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டினாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தேன்.

சுளை எல்லாம் வேண்டாம். சுளையை அப்பா சப்பி முடிக்கச் சிரமப்படுகிறார், சக்கை நிற்கிறது. சாறாகவே உறைந்தால் வாயில் கரைந்துபோகும். இது ஏன் இந்த அண்ணிக்குத் தோன்றவில்லை? ஐஸ் தட்டில் சாற்றை அவசர அவசரமாக ஊற்றினாள், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது போல.

அண்ணி வேலை முடிந்து வந்தாள். சமையல் மேடையில் கிடந்த தோலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இந்தப் பழத்தையா பிழிஞ்சே? இத சாறா வச்சா..."

"சாறா வச்சாதான் அவருக்கு ஈசி. எனக்கும் நாலு விஷயம் தெரியும் அண்ணி. எங்கப்பாதானே."

அண்ணி தோலைக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவினாள். "சரி" என்றாள்.

மறுநாள் மதியம், சூப்பு இரண்டு கரண்டி இறங்கியிருந்தது. "உப்பு பத்தல" என்று அப்பா முகம் சுளித்தார். அண்ணி எழுந்து உப்பு எடுக்கப் போன நேரத்தில் அவள் கிண்ணத்தோடு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலையை மடியில் தாங்கினாள். எவ்வளவு லேசாகிவிட்டிருந்தது அந்தத் தலை.

"அப்பா, இது நான் செஞ்சது. வாயத் திற."

கட்டியை உதட்டில் வைத்தாள். அப்பா அதை உள்ளே வாங்கிக்கொண்டார். ஒரு கணம் அவருடைய முகம் அசையாமல் இருந்தது. கண்ணைத் திறந்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, உப்பு டப்பாவோடு கதவருகே நின்ற அண்ணியைப் பார்த்தார். அண்ணி இரண்டடி முன்னால் வந்தாள். அப்பா தலையை ஒருதரம், மிகச் சின்னதாக, ஆட்டினார். அண்ணி நின்றுவிட்டாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கு" என்றார் அப்பா. கரைந்து தீரும் வரை சப்பினார். பிறகு, "இன்னொண்ணு" என்றார்.

அண்ணியின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அண்ணியின் கண் கலங்கியிருந்தது. நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கட்டியில் கரைந்துபோனால் யாருக்குத்தான் வலிக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம் என்றுகூட நினைத்தாள். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

மூன்றாவது கட்டிக்குப் பிறகு அப்பா விரலால் காற்றில் கிறுக்கிக் காட்டினார். பேனா. அவள் ஓடிப்போய்க் கட்டிகளைத் தட்டிலிருந்து எடுத்து ஒரு பையில் போட்டு, வெள்ளைத் துண்டு ஒட்டிக் கொண்டுவந்தாள். ஒரு புத்தகத்தை அடியில் பிடித்தாள். அப்பா எழுத வெகுநேரம் ஆயிற்று. தேதி. ஆரஞ்சு. இரண்டு கோடுகள். மேல் கோட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து மட்டும் நடுங்கி, கீழே சரிந்து, துண்டின் ஓரத்தைத் தொட்டது.

"கீழ நான் போடறேன்ப்பா" என்று பேனாவுக்குக் கை நீட்டினாள்.

அப்பா பேனாவை இழுத்துக்கொண்டார். மூடியைத் தேடி எடுத்து மூடினார். தலையணைக்கு அடியில் செருகினார்.

"அப்புறம்" என்றார்.

அந்த அப்புறம் வரவே இல்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் அவளுடைய கட்டிகளையே கேட்டு வாங்கிச் சப்பினார். அண்ணி சுளை கொண்டுவந்தால் வேண்டாம் என்று கையசைத்தார். எல்லாம் அவளுக்குச் சாதகமாகத்தான் நடந்தது. ஆனால் பிரீசரைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெற்றுக் கோடு கண்ணில் பட்டது. அண்ணிக்கு அத்தனை பைகளில் போட்டுக் கொடுத்த இடம், தனக்கு ஒரே ஒரு பையில் கிடைக்கவில்லை. நல்லவேளை, அண்ணியும் அதில் கையெழுத்துப் போடவில்லை. போடுகிறாளா என்று அவள் தினமும் பார்த்தாள்.

ஒரு கட்டியைக்கூட அவள் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் அவருக்கு.

கடைசி நாள் மதியம் மூன்று மணி இருக்கும். அண்ணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தான். அண்ணி குளியலறையில் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் எடுத்த கட்டிகள் கிண்ணத்தில் உருகிவிட்டதால் அவள் புதிதாக ஒன்று எடுத்துவந்தாள். அப்பாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. இழுத்தால் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"அப்பா."

உதட்டில் வைத்ததும் வாய் திறந்தது. பழகிய வாய். கட்டியைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. கன்னத்தில் ஒரு சின்ன அசைவு. பிறகு இன்னொன்று. வாயோரத்தில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்தது. தன் முந்தானையால் துடைத்தாள். மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தாள். மூன்றாம் முறை வழிந்தபோதுதான் கன்னம் அசையவில்லை என்பதைக் கவனித்தாள்.

காத்திருந்தாள். அடுத்த மூச்சுக்கு. தெருவில் யாரோ ஒரு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். மூச்சு வரவில்லை.

அண்ணியைக் கூப்பிட வேண்டும். தெரிந்தது. குளியலறை பத்தடி தூரம். குரல் கொடுத்தால் போதும், ஈரக் கையோடு ஓடிவருவாள். வந்து தலையைத் தூக்குவாள், நெஞ்சில் கை வைப்பாள், மாமா என்பாள். அதோடு இந்த இடம் அண்ணியுடையதாகிவிடும்.

அவள் கூப்பிடவில்லை.

அப்பாவின் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. குழாயை மூடும் சத்தம் கேட்டது. போர்வையைப் பிழிந்து உதறும் சத்தம். ஒருதரம், இரண்டுதரம். குழாய் மறுபடி திறந்தது. பதின்மூன்று வயதிலிருந்து அவளுக்கு இவ்வளவு நேரம் அப்பாவோடு தனியாகக் கிடைத்ததே இல்லை.

அண்ணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தோளில் பிழிந்த போர்வை. பார்த்தாள். அருகே வந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். வாயோரத்தில் மஞ்சள் கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள். எப்போது என்று கேட்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்றும் கேட்கவில்லை. ஈரப் போர்வையைத் தோளிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டிலுக்கடியில் ஓடியது.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. அண்ணன் நாற்காலி வாடகைக்கு எடுத்துவந்து, போட்டு, மறுபடி வேறு மாதிரி போட்டு, யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று நாற்காலிகளோடேயே நின்றான். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் மாடிப்படி ஏறும் மனிதர்கள் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள். "கடைசியா என் கையாலதான் வாங்கிக்கிட்டாரு. நான் செஞ்ச ஆரஞ்சு ஐஸ். அத மட்டும்தான் கேட்டாரு, வேற எதையும் தொடல."

"குடுத்து வச்சவ" என்றாள் ஓர் அத்தை. "பெத்த பொண்ணு கையால போறதுன்னா சும்மாவா."

அண்ணி தண்ணீர் டம்ளர்களோடு நடமாடிக்கொண்டிருந்தாள். அண்ணி காதில் விழட்டும் என்று அவள் மூன்றாவது முறை சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

அப்பாவின் பழைய போர்மேனுக்குக் காது மந்தம். அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். "உங்கப்பன் மாதிரி ஒரு பிடிவாதக்காரன் கிடையாதும்மா! ஒரு பெரிய கட்டடம். திறப்பு விழா. வெளியில மாலையோட ஆளுங்க நிக்கறாங்க. இவன் அட்டையில கையெழுத்துப் போட மாட்டேங்கறான். பிரேக்ல என்னமோ சந்தேகமாம். மேனேஜர் கெஞ்சறாரு, சும்மா போட்டு விடுய்யா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு. 'பாக்காம போட மாட்டேன், சரியில்லாததுக்குப் போடவே மாட்டேன்'னுட்டான். விழாவுக்கு வந்தவன்லாம் எட்டு மாடி படியேறினான்! அதோட இவன் பிரமோஷனும் படியேறிப் போச்சு!"

சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"கூட நிக்கறவனையும் விட மாட்டான். போர்மேன் ஆகறதுக்கு முன்னாடி நான் புதுசா அவன் கூடப் போனப்ப, அவன் பாத்தா போதாதான்னு கீழ்க் கையெழுத்தப் போடப் போனேன். பேனாவப் பிடுங்கிட்டான்! 'நீ உன் கையால இழுத்துப் பாரு, அப்புறம் போடு'ங்கறான். முப்பது வருஷத்துல அவன் பொய்யா போட்ட ஒரு கையெழுத்தக் காட்டச் சொல்லு, நான் மீசைய எடுத்துக்கறேன்."

"மீசையே இல்லையே உமக்கு" என்றார் பக்கத்திலிருந்தவர். காது கேட்காததால் போர்மேன் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

வண்டி பதினொரு மணிக்கு வந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அண்ணன் குளித்துவிட்டு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். கூடத்தில் கட்டிலை யாரோ சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அப்பாவின் தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அண்ணி.

முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சமையலறைக்குப் போய் பிரீசரைத் திறந்தாள். இந்த முறை அடியில் துழாவ வேண்டியிருக்கவில்லை. அவளுடைய பை மேலேயே இருந்தது. உள்ளே ஐந்து கட்டிகள் மீதி. இனி யாருக்காகச் சேர்த்து வைப்பது? ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலில் குளிர்ச்சி மட்டும்தான். பிறகு கொஞ்சம் இனிப்பு. அதற்குப் பின்னாலேயே கசப்பு வந்தது.

சுள்ளென்று, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற கசப்பு. மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்றது போல. கட்டி கரையக் கரைய அது கூடிக்கொண்டே போனது. கையில் துப்பினாள். வேறு ஏதோ பையை எடுத்துவிட்டோம் என்று பார்த்தாள். அப்பாவின் கையெழுத்துதான். தேதி, ஆரஞ்சு, மேல் கோட்டில் சரிந்து ஓரத்தைத் தொடும் அந்த ஒப்பம். இன்னொன்றை எடுத்து நாக்கின் நுனியில் வைத்தாள். அதுவும்.

அண்ணி உறையில்லாத தலையணையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"கசக்குது" என்றாள் அவள்.

அண்ணியின் பார்வை அவள் கையிலிருந்த பைக்குப் போனது.

"நான் ஊத்தறப்ப இனிச்சுது. நாக்குல வச்சுப் பாத்தேன். தேன் மாதிரி இருந்துச்சு."

"அந்தப் பழம் அப்படித்தான். பிழிஞ்ச உடனே இனிக்கும். சாறா வச்சா நேரம் போகப் போகக் கசந்துடும். சுளையா வச்சா ஒண்ணும் ஆகாது. எங்க கடையிலயும் ஒருதரம் ஒரு டப்பா பூரா கொட்டினோம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன்."

அன்று தான் குறுக்கே பேசியது நினைவுக்கு வந்து அவள் தலை குனிந்தது.

"அப்புறம் மறுநாள் அவர் வாயில வச்சப்பவும் சொல்ல வந்தேன். மாமா வேணாம்னு தலையாட்டிட்டாரு. நீ போனப்புறம் சொன்னாரு, அவகிட்ட மூச்சு விடாதேன்னு." அண்ணி தலையணையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "உன் கட்டி ஒவ்வொண்ணு முடிஞ்சதும், நீ அந்தப் பக்கம் போனதும், தண்ணியில நனைச்ச துணியக் கேப்பாரு. நாக்கத் துடைச்சு விடுவேன்."

அவள் கடைசியாகத் தப்பிக்க ஒரு இடுக்கைத் தேடினாள். "அவருக்கு ருசியே தெரியாம இருந்திருக்கலாம் இல்ல? அந்த வியாதிக்கு..."

கேட்கும்போதே அவளுக்கு அந்த சூப்பு ஞாபகம் வந்துவிட்டது. உப்பு பத்தல. அதே நாள். அதே நாக்கு. அண்ணிக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆக, அந்தப் பார்வை. அவளைத் தாண்டிப் போன அந்தப் பார்வையும், சின்னதாக ஆடிய தலையும். அவளை ஏமாற்றுவதற்குக்கூட அப்பாவுக்கு ஒரு அசிஸ்டண்ட் தேவைப்பட்டிருக்கிறது, அதற்கும் அண்ணியைத்தான் வைத்துக்கொண்டார். நெஞ்சில் பழைய இடத்திலேயே மறுபடி சுரீரென்றது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். முதலில் வந்தது அந்தப் பழைய பொறாமைதான்.

"அதக் கொட்டிடவா?" என்றாள் அண்ணி, மெதுவாக.

"வேணாம்."

"தலகாணிக்கு அடியில இருந்துச்சு" என்று அண்ணி தலையணையோடு சேர்த்துப் பிடித்திருந்த பேனாவை மேடைமேல் வைத்தாள். மூடி அழுத்தி மூடியிருந்தது. அதை வைத்துவிட்டு, கூடத்தைப் பெருக்கத் துடைப்பம் எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கையில் துப்பியிருந்த கட்டி பாதி உருகியிருந்தது. அதைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டாள். கசந்தது. முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொள்ள எவ்வளவு பாடு என்று தெரிந்தது. கன்னத்தை அசைத்து, கடைசித் துளி வரை சப்பி விழுங்கினாள். கூடத்தில் துடைப்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு இன்னொன்றை எடுத்தாள். அதையும் வாயில் வைத்துக்கொண்டு, பையை மேடைமேல் விரித்து நீவினாள். வெள்ளைத் துண்டின் மேல் பனி பூத்திருந்தது. அப்பா 'அப்புறம்' என்று விட்டுவைத்த கீழ்க் கோடு தெரியவில்லை. ஈரத்தில் பேனா எழுதாது. கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, பனி உருகிக் காய்வதற்காகக் காத்து நின்றாள்.